'அமைச்சரின் மனைவி' அல்ல... ஓவியர்!

ஒரு பெண்ணை ஊர் எப்படி அடையாளம் சொல்கிறது? சின்ன வயதில் இன்னாருடைய மகள். கல்யாணம் ஆனதும் இன்னாருடைய மனைவி. பிள்ளை பிறந்த பிறகு இன்னாருடைய அம்மா. இந்த வரிசையில் அவருடைய சொந்தப் பெயர் எங்கே வருகிறது? அவர் கையால் செய்த வேலை எங்கே வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டு பினாங்கு மண்ணில் காலடி வைத்த ஒரு பெண்ணின் கதையே போதும். அவர் பெயர் ஜோர்ஜெட் சென். பெரிய வணிகரின் மகள் என்று உலகம் அவரை அறிந்தது. பிறகு சீன வெளியுறவு அமைச்சரின் மனைவி என்று அறிந்தது. அவரோ தம்மை ஓவியர் என்று மட்டுமே எண்ணி வாழ்ந்தார். அந்த எண்ணத்தை ஊரும் உலகமும் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ ஓர் ஆயுட்காலமே பிடித்தது.

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் 2020 நவம்பர் முதல் 2021 செப்டம்பர் வரை அவருக்காக ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. 'உலகமே வீடு' என்ற பொருள் தரும் தலைப்பு. அவர் வரைந்த ஓவியங்களோடு கடிதங்களும் புகைப்படங்களும் பார்வைக்கு வைக்கப்பட்டன. பினாங்கில் இரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியையின் வாழ்க்கை, பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து உருவான அந்த மாபெரும் கலைக்கூடத்தில் அறை அறையாக விரிந்தது.

மீள்பார்வைக் கண்காட்சி என்றால் என்ன?

இத்தகைய கண்காட்சியை 'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்கிறார்கள். தமிழில் மீள்பார்வைக் கண்காட்சி என்று சொல்லலாம். சாதாரணக் கண்காட்சியில் ஓவியர் அண்மையில் வரைந்தவை சுவரில் தொங்கும். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பார்த்துவிட்டுப் போகலாம். மீள்பார்வைக் கண்காட்சி அப்படிப்பட்டதல்ல. இருபது வயதில் வரைந்ததிலிருந்து எழுபது வயதில் வரைந்தது வரை, எங்கெங்கோ சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டு வருவார்கள். எந்த ஆண்டில் எதை வரைந்தார், எங்கே தடுமாறினார், எங்கே திரும்பினார், எப்போது தம் பாதையைக் கண்டுகொண்டார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஆண் ஓவியர்களுக்கு இது ஒரு மரியாதை. பெண் ஓவியர்களுக்கோ பல சமயம் இதுதான் மீட்பு. காரணம் எளிது. ஆணின் ஓவியங்கள் பெரும்பாலும் அவர் பெயரிலேயே, ஒரே இடத்தில் சேர்ந்து வந்தன. பெண்ணின் படைப்புகள் பிறந்த வீட்டில் கொஞ்சம், புகுந்த வீட்டில் கொஞ்சம், தோழியின் வரவேற்பறையில் கொஞ்சம் என்று பிரிந்து போயின. கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று கையெழுத்துகூட மாறியது. புகழ்பெற்ற ராஜா ரவிவர்மாவுக்கு மங்களா பாய் என்றொரு தங்கை இருந்தார், அவரும் ஓவியர்தான். அண்ணன் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் நாள்காட்டிகள் வழியே நம் வீட்டுச் சுவர் வரை வந்துவிட்டார்கள். தங்கையின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

மூடிக் கிடந்த கதவுகள்

'பெண்களில் பெரிய ஓவியர்கள் ஏன் இல்லை?' என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1971ஆம் ஆண்டு இதே கேள்வியைத் தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். குறை பெண்ணின் திறமையில் இல்லை, கற்றுக்கொடுக்கும் இடங்களின் கதவில்தான் இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

வரலாறு அவர் பக்கம் பேசுகிறது. லண்டனில் 1768ஆம் ஆண்டு ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் ஏஞ்சலிகா காஃப்மன், மற்றவர் மேரி மோசர். சில ஆண்டுகளில் யோகான் சோஃபனி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்கள் கூடியிருக்கும் காட்சியை வரைந்தார். ஆண்கள் எல்லாரும் அறையில் உயிரோடு நிற்கிறார்கள். அந்த இரு பெண்களோ சுவரில் தொங்கும் படங்களாக இருக்கிறார்கள்! ஆடையில்லாத மாதிரி ஆளைப் பார்த்து வரையும் வகுப்பறைக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது அன்றைய நியதி. அதனால் அவர்களைச் சுவரில் மாட்டிவிட்டார் ஓவியர். அவர்களுக்குப் பிறகு அந்த அகாடமி இன்னொரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1936ஆம் ஆண்டில்தான்.

பாரிசிலும் இதே நிலைதான். பிரெஞ்சு அரசின் நுண்கலைக் கல்லூரி 1897ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதுவரை ஓவியம் கற்க விரும்பிய பெண்கள் தனியார் பயிற்சிக்கூடங்களைத் தேடிப் போனார்கள். அவற்றில் ஒன்று அகாடமி கொலரோசி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடம் என்று துணிந்து சொன்ன இடம் அது. 1920களின் பிற்பகுதியில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்த சீனப் பெண்தான் பின்னாளில் பினாங்குக்கு வந்த ஜோர்ஜெட்.

செல்வந்தர் வீட்டுப் பெண்

ஜோர்ஜெட் 1906ஆம் ஆண்டு சீனாவின் செஜியாங் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜாங் லியிங். தந்தை ஜாங் ஜிங்ஜியாங், பாரிசிலும் நியூயார்க்கிலும் சீனக் கலைப்பொருள் வணிகம் செய்தவர். டாக்டர் சுன் யாட்-சென்னின் புரட்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர். சுன் யாட்-சென் 1910ஆம் ஆண்டில் பினாங்கைத் தளமாகக் கொண்டு ஆதரவு திரட்டியதை ஜோர்ஜ்டவுன்வாசிகள் அறிவார்கள். அந்தப் பெருங்கதையின் ஒரு கிளையில்தான் இந்தப் பெண்ணின் வாழ்க்கை தொடங்குகிறது.

வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால், அந்தக் கால மதிப்பீட்டில் செல்வந்தர் வீட்டுப் பெண் ஓவியம் வரையலாம், பியானோ வாசிக்கலாம். அதெல்லாம் வரன் தேடும்போது சொல்லிக்கொள்ள உதவும். அதையே தொழிலாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம். ஜோர்ஜெட் அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 1926ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் திரும்பி, கொலரோசி, பிலூல் என்ற இரு பயிற்சிக்கூடங்களில் படித்தார்.

1930ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் இரண்டு முக்கிய நிகழ்வுகள். பாரிசின் புகழ்பெற்ற இலையுதிர்காலக் கண்காட்சியான சலோன் தொத்தோனில் அவர் ஓவியம் இடம்பெற்றது. அதே ஆண்டில் யூஜின் சென்னை மணந்தார். யூஜின், டிரினிடாட் தீவில் பிறந்து வழக்கறிஞராகி, பின்னர் சீனாவின் வெளியுறவு அமைச்சரானவர், சுன் யாட்-சென்னுக்கு நெருக்கமானவர். மனைவியைவிட 28 வயது மூத்தவர்.

இந்த இரண்டு செய்திகளில் எதை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது? திருமணத்தைத்தான். ஒரு பெண் பாரிஸ் கண்காட்சியில் இடம்பிடித்தது ஒரு வரி. அமைச்சரை மணந்தது ஒரு பக்கம்.

அதே பாரிஸ் நகரில், அதே ஆண்டுகளில், இன்னோர் ஆசியப் பெண்ணும் தூரிகையோடு நின்றார். அவர்தான் அம்ரிதா ஷெர்கில். 1929ஆம் ஆண்டு குடும்பத்தோடு பாரிசுக்கு வந்து, அரசு நுண்கலைக் கல்லூரியில் படித்து, 1934ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார். தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1937ஆம் ஆண்டு 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற மூன்று பெரும் ஓவியங்களைத் தீட்டினார். 28 வயதில், 1941ஆம் ஆண்டில் மறைந்துபோனார். அம்ரிதாவுக்குக் கிடைக்காத நீண்ட ஆயுள் ஜோர்ஜெட்டுக்குக் கிடைத்தது. ஆனால், அந்த ஆயுளோடு போரும் சிறையும் விதவைக் கோலமும் சேர்ந்தே வந்தன.

போர் பறித்ததும் விட்டுவைத்ததும்

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கில் குண்டு வீசியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதே டிசம்பரில் ஹாங்காங்கும் வீழ்ந்தது. அங்கே இருந்த யூஜினும் ஜோர்ஜெட்டும் ஜப்பானியர் பிடியில் சிக்கினார்கள். பின்னர் ஷங்காய்க்குக் கொண்டு செல்லப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். 1944ஆம் ஆண்டு யூஜின் அங்கேயே காலமானார். அப்போது ஜோர்ஜெட்டுக்கு 37 வயது.

போர் முடிந்த பிறகு, சுமார் 1946ஆம் ஆண்டில், அவர் தம்மையே ஒரு சிறிய படமாக வரைந்துகொண்டார். அளவில் ஒரு நோட்டுப் புத்தகம் போலத்தான் இருக்கும். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இன்று மிகவும் அறியப்பட்ட படங்களுள் அதுவும் ஒன்று. அந்தப் படத்தில் அழுகை இல்லை, ஆடம்பரமும் இல்லை. நேருக்கு நேர் பார்க்கும் ஒரு முகம் மட்டும் இருக்கிறது. பட்டம் போனது, கணவர் போனார், ஊர் போனது, மிச்சம் இருப்பது என்ன என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்ட பெண்ணுக்குக் கிடைத்த பதில் அந்த ஓவியம்.

1947ஆம் ஆண்டு ஹோ யுங் சி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். நியூயார்க், பாரிஸ் என்று சில ஆண்டுகள் கழிந்தன. 1951ஆம் ஆண்டு தம்பதியர் பினாங்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைய பினாங்கு

அது என்ன காலம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டில் அவசரகாலம். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார், மறு ஆண்டு ஜோர்ஜ்டவுனின் கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் ஜோர்ஜ்டவுனில்தான் நடந்தது. ஒரு பக்கம் அச்சம், மறுபக்கம் விடியல் வருகிறது என்ற எதிர்பார்ப்பு.

ஓவியக் கலையிலும் பினாங்கு பின்தங்கிய ஊர் அல்ல. 1920களில் இங்கே 'பினாங்கு இம்பிரஷனிஸ்ட்ஸ்' என்ற குழு இயங்கியது. பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகள், வணிகர்களின் மனைவிமார்கள் கூடி வரைந்த குழு. உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே இடமில்லை. விதிவிலக்கு இரண்டே பேர். ஒருவர், ஆசிரியராக அழைக்கப்பட்ட நீர்வண்ண ஓவியர் அப்துல்லா அரிஃப். மற்றவர் ஒரு பெண், செல்வந்தரின் மனைவி. கலை வரலாற்று நூல்களில் இன்றும் அவர் 'திருமதி லிம் செங் குங்' என்றே குறிப்பிடப்படுகிறார். கவனித்தீர்களா? மலாயாவில் மேலைப் பாணி ஓவியம் பழகிய முதல் ஆசியப் பெண்களில் ஒருவர் அவர். அவருக்குக்கூடக் கணவர் பெயர்தான் முகவரி!

பிறகு 1930களில் யோங் முன் சென் முன்னின்று பினாங்கு சீனக் கலைச் சங்கம் உருவானது, போர் வந்ததும் அது கலைந்தது. போருக்குப் பிறகு தாய் ஹூய் கியாட் போன்றவர்கள் பள்ளி ஆசிரியர்களைத் திரட்டிக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். இந்தச் சூழலில்தான் நியூயார்க்கும் பாரிசும் பார்த்த ஜோர்ஜெட், ஹான் சியாங் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தார்.

லிம் லியன் தெங் சாலையில் இன்றும் நிற்கும் அந்தப் பள்ளியைப் பினாங்கில் தெரியாதவர்கள் இல்லை. அமைச்சர் மனைவியாக வெளிநாட்டுத் தூதர்களோடு பழகியவர், இங்கே கரும்பலகைக்கு முன்னால் நின்றார். இதை இறக்கம் என்று சிலர் நினைத்திருக்கலாம். உண்மையில் அவர் வாழ்க்கையின் ஏற்றம் இங்கேதான் தொடங்குகிறது. ஏன் என்றால், ஓவியம் என்ற தம் சொந்தத் திறமையை வைத்துச் சம்பாதித்து நிற்கும் ஒரு வழி இங்கே திறந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெயில், சந்தையில் குவிந்து கிடக்கும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும், மலாய், சீன, இந்திய முகங்கள் கலந்து நடக்கும் தெரு. பாரிசின் சாம்பல் வானத்துக்குப் பழகிய தூரிகைக்கு இந்தப் பூமத்திய ரேகை வெளிச்சம் புதுப் பாடம்.

1953ஆம் ஆண்டு அந்த இரண்டாவது திருமணம் முடிவுக்கு வந்தது. மணமுறிவு என்ற சொல்லை வீட்டுக்குள்கூடச் சத்தமாகச் சொல்லத் தயங்கிய காலம் அது. 46, 47 வயதுப் பெண். பிள்ளைகள் இல்லை, கணவர் இல்லை, திரும்பிப் போகப் பழைய சீனாவும் இல்லை. அவர் யாருடைய வீட்டுக்கும் திரும்பிப் போகவில்லை. தெற்கே சிங்கப்பூருக்குப் போய் வேலை தேடிக்கொண்டார்.

சந்தனம் என்ற பெயர்

1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நன்யாங் நுண்கலைக் கழகத்தில் 1954ஆம் ஆண்டு பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்தார் ஜோர்ஜெட். 1980ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 26 ஆண்டுகள், அங்கேயே கற்பித்தார். சிக்லாப் வட்டாரத்தில் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். மலாய் மொழி படித்தார். மலாயில் தமக்குத் தாமே ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்: 'செண்டானா'. நம் சந்தனம்தான் அது! தந்தை வைத்த பெயர் ஒன்று, கணவர் வழி வந்த பெயர் ஒன்று. தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் இந்த மண்ணின் மொழியில் இருந்தது.

அந்தக் காலத்தில் வரைந்தவைதான் இன்று அவர் பெயரைச் சொல்கின்றன. 1962ஆம் ஆண்டின் 'மலாய்த் திருமணம்', தம் மாணவியை வரைந்த 1963ஆம் ஆண்டின் 'ரோஹானி', 1965ஆம் ஆண்டின் 'இனிப்பு ரம்புத்தான்', 1969ஆம் ஆண்டின் 'வெப்பமண்டலப் பழங்கள்', சிங்கப்பூர்த் துறைமுகக் காட்சிகள், சாத்தே விற்கும் சிறுவன். மேசையில் பழங்களை வைத்து வரைவது பாரிசில் செசான் போன்றவர்கள் செய்த காரியம். அவர்கள் ஆப்பிளை வைத்தார்கள், இவர் ரம்புத்தானை வைத்தார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், நம் வீட்டுக் கூடையில் கிடக்கும் பழமும் ஓவியத்துக்குத் தகுந்த பொருள்தான் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

'நன்யாங் பாணி' என்று சொன்னவுடன் கலை ஆர்வலர்கள் நான்கு ஆண்களைச் சொல்வார்கள். லியூ காங், சென் சோங் ஸ்வீ, சியோங் சூ பியெங், சென் வென் சி. இவர்கள் 1952ஆம் ஆண்டு பாலித் தீவுக்குப் போய் வந்த பயணம் ஒரு காவியம் போலச் சொல்லப்படுகிறது. அங்கே அவர்கள் வரைந்தவற்றுள் பாலிப் பெண்களின் உருவங்கள் ஏராளம். அந்த நால்வர் பாலியில் இருந்த ஆண்டில் ஜோர்ஜெட் பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முன்னோடிகள் பட்டியலில் இன்று அவர் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆனால், கதையாகச் சொல்லப்பட்டது நால்வரின் பயணம்தான்.

தாமதமாக வந்த அங்கீகாரம்

1982ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு 75 வயது கடந்துவிட்டது. மூட்டுவாத நோய் கைகால்களை முடக்கிக்கொண்டிருந்தது. 1985ஆம் ஆண்டு தேசிய அருங்காட்சியகக் கலைக்கூடம் அவருடைய முதல் பெரிய மீள்பார்வைக் கண்காட்சியை நடத்தியது. வாழ்நாள் முழுவதும் வரைந்தவர், அந்த வாழ்நாளை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தபோது தூரிகையைப் பிடிக்க முடியாத நிலையில் இருந்தார். 1993 மார்ச் மாதம் காலமானார்.

அவர் மறைந்த பிறகு லீ அறக்கட்டளையின் வழியாக 53 ஓவியங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவருடைய சொத்தில் இருந்து கலை மாணவர்களுக்கு அவர் பெயரிலேயே கல்வி உதவித்தொகை உருவானது. மகன், மகள் இல்லாத ஒரு பெண்ணின் சொத்து, யாருடைய பிள்ளைகளோ ஓவியம் படிக்க உதவுகிறது. 'சந்ததி இல்லாமல் போனார்' என்று ஊரார் சொல்வதற்கு இதைவிட நல்ல மறுமொழி இருக்க முடியுமா?

இவர் பெண்ணியவாதியா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். பழத்தையும் படகையும் குடும்பப் படத்தையும் வரைந்தவரைப் பெண்ணியவாதி என்று எப்படிச் சொல்வது? அவர் கொடி பிடிக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை, ஆணாதிக்கத்தைச் சாடி ஒரு படம்கூட வரையவில்லையே!

இந்த எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அந்தச் சொல்லை அவர்மேல் வலிந்து ஒட்டுவது சரியும் அல்ல. ஆனால், படிக்கட்டு என்று ஒன்று உண்டு. முதல் படி இல்லாமல் மூன்றாம் படிக்கு யாரும் தாவ முடியாது. நம் பக்கத்தில் அந்தப் படிக்கட்டு எப்படி ஏறியது என்று பாருங்கள்.

முதல் படி: நான் வரைவேன், அதுவே என் தொழில் என்று நிற்பது. அதை ஜோர்ஜெட் செய்தார்.

இரண்டாம் படி: நாட்டு நடப்பைப் பற்றியும் பேசுவேன் என்பது. இங்கே பினாங்கு இன்னொரு முறை வருகிறது. 1941ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுனில் பிறந்தவர் நிர்மலா தத் சண்முகலிங்கம். 1973ஆம் ஆண்டு தேசிய ஓவியக்கூடத்தின் 'மனிதனும் அவன் உலகமும்' போட்டிக் கண்காட்சியில், சுலைமான் ஈசாவோடு சேர்ந்து முதன்மைப் பரிசைப் பெற்றார். அவர் அங்கே காட்டியது பூவும் பழமும் அல்ல. டாமன்சாரா பகுதியில் சுற்றுச்சூழல் சீர்கெட்டதைப் புகைப்படங்களாலும் குப்பையாலும் எடுத்துக்காட்டிய படைப்பு அது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே மேடைகளில் அதிகம் அடிபடாத காலம்! 1986ஆம் ஆண்டு அமெரிக்கா லிபியா மீது குண்டு வீசியபோது, ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் நிழற்கூத்துப் பாவைகளாக வரைந்தார். 1989ஆம் ஆண்டு காடு அழிப்பைப் பற்றி ஒரு படைப்பு. 'மரம்' என்றும் 'கேடு' என்றும் இரு பொருள்பட ஒலிக்கும் மலாய்ச் சொல்லை வைத்து அதன் தலைப்பிலேயே எச்சரிக்கை விடுத்தார். பெண் ஓவியர் என்றால் வீட்டுக்குள் இருப்பதை வரைவார் என்ற எண்ணத்தை உடைத்தவர் அவர். 2016ஆம் ஆண்டு மறைந்தார்.

மூன்றாம் படி: பெண்ணின் உடலையும் உழைப்பையும் பற்றியே நேருக்கு நேர் பேசுவது. அதைச் செய்தவர் சிங்கப்பூரின் அமாண்டா ஹெங். 1951ஆம் ஆண்டு பிறந்தவர். வருமான வரி அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கலை படிக்கப் போனவர். 1990களில் அவர் நடத்திய 'கொஞ்சம் பேசுவோம்' என்ற நிகழ்வில், பார்வையாளர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, தவ்கே வேரைக் கிள்ளிக்கொண்டே பேசச் சொன்னார். அடுக்களையில் பெண்கள் கூடிச் செய்யும் வேலையும் பேச்சும் கலைக்கூடத்துக்குள் வந்தன. 1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலை இழந்தவர்களில் பெண்கள் அதிகம். அழகு நிலையங்களோ செழித்தன. அதைக் கண்ட அமாண்டா, 1999ஆம் ஆண்டு குதிகால் செருப்பை வாயில் கவ்வி, கையில் கண்ணாடி பிடித்து, தெருவில் பின்னோக்கி நடந்தார். சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் 2011ஆம் ஆண்டு அவருக்காக ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. பெண்ணியக் கலைஞர் என்ற சொல்லுக்கு அங்கே விளக்கமே தேவைப்படவில்லை.

மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு செய்தி புலப்படுகிறது. ஜோர்ஜெட் கரும்பலகை முன் நின்றதும், நிர்மலா குப்பையைக் காட்டிக் கேள்வி கேட்டதும், அமாண்டா தவ்கே கிள்ளியதும் ஒரே நூலின் முடிச்சுகள். 'இன்னாருடைய மனைவி' என்ற இடத்தில் சொந்தப் பெயரை எழுதிய நூல் அது.

எதைச் சேர்த்து வைத்தோம்?

நியூயார்க்கில் 'கொரில்லா கேர்ள்ஸ்' என்ற பெண் கலைஞர் குழு 1989ஆம் ஆண்டு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆடையில்லாத உருவங்களிலோ 85 விழுக்காடு பெண்கள் என்று கணக்குச் சொன்னது. உள்ளே நுழைய வேண்டுமானால் பெண் ஆடையைக் களைய வேண்டுமா என்று கேட்டது. சோஃபனி இரு பெண்களைச் சுவரில் மாட்டி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கேள்வி மாறவில்லை.

பதில் அருங்காட்சியகங்களின் கையில் மட்டும் இல்லை. ஜோர்ஜெட்டுக்கு மீள்பார்வைக் கண்காட்சி நடத்த முடிந்ததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஓவியங்களும் கடிதங்களும் புகைப்படங்களும் பிழைத்திருந்தன. பாதுகாத்து வைக்கப்படாத பெண்ணுக்கு எந்த அருங்காட்சியகமும் கண்காட்சி நடத்த முடியாது.

நம் குடும்பங்களுக்குள் வருவோம். தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் வாழ்ந்த நம் பாட்டிமார்கள் எத்தனை பேர் கோலப் புத்தகம் வைத்திருந்தார்கள்! எத்தனை பேர் தலையணை உறையில் பூவேலை செய்தார்கள், மேடை நாடகத்துக்குத் திரை வரைந்தார்கள், திருமண மண்டபத்துக்கு அலங்காரம் செய்தார்கள்! ஒரு பெட்டி நகை என்றால் யார் யாருக்குப் பங்கு என்று எழுதி வைக்கிறோம். கோலப் புத்தகத்தை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். பாட்டியின் நகை எவ்வளவு எடை என்பது தெரியும், பாட்டி போட்ட கோலத்துக்கு எத்தனை புள்ளி என்பது தெரியாது.

2008ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கட்டடங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்தோம், தெருக்களின் கதையை எழுதினோம். அந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து தைத்த, வரைந்த, பாடிய பெண்களின் பெயர்களுக்கு எங்கே பலகை? இதைச் செய்ய அரசாங்க மானியமோ பெரிய கட்டடமோ வேண்டியதில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய புகைப்படத்தைத் திருப்பி, அதன் பின்னால் பென்சிலால் மூன்று விவரம் எழுதினால் போதும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, அவர் என்ன செய்தார்.

பெயர் எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். 'திருமதி இன்னார்' என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. பெற்றவர்கள் ஆசையாகக் கூப்பிட்ட அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.